மருந்தும் அதனைத் தாங்கும் கலனும்



நம் வீட்டு அடுக்களையிலே எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. புளிவிட்டுச் சமைத்த கறியை ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் வைத்திருக்கலாகாது. ஊறுகாயைத் தகரப் பேணியில் அடைக்கலாகாது; சாடியிலேதான் இடவேண்டும். இரசாயனவியல் கற்றிராத நம் பாட்டிமார் இச்சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை. கலன் தன்னுள் வைக்கப்பட்ட பொருளைச் சும்மா தாங்கிக்கொண்டிருப்பதில்லை என்பதும், பொருளிலிருந்து சிலவற்றைக் கலன் எடுத்துக்கொள்ளும், பொருளுக்குச் சிலவற்றைக் கலன் கொடுத்துவிடும் என்பதும் அவர்கள் அநுபவத்திற் கண்ட உண்மைகள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயமும் இதுவே. ஆனால் கறியைப் பற்றியன்று, மருந்தைப் பற்றிப் பேசப் போகின்றேன்.

நான் தமிழும் வரலாறும் கற்று ஆசிரியனானவன். மருந்தியல் என் துறையன்று. இத்துறையின்பால் என் கருத்தைத் திருப்பியவர் என் தாயார். அவர் நெடுங்காலம் நீரிழிவு நோயினால் வருந்தி, இறுதி ஆண்டுகளில் இன்சுலின் ஊசியை நம்பி வாழ்ந்தவர். முதன்முதல் இன்சுலின் குப்பியை வைத்தியசாலையிலே பெற்றபோது, இருமல் மருந்துப் போத்தலைக் குலுக்குவது போல அதனையும் பலமாகக் குலுக்கினார். அருகில் நின்ற தாதி பதறிப்போய்த் தடுத்தார்.

“பிள்ளை, குலுக்காமல் விட்டால் மருந்து எப்படிக் கலக்கும்?” என்று தாயார் கேட்டார்.

“இருமல் மருந்து வேறு, இது வேறு அம்மா. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டுங்கோ. அது போதும்,” என்றார் அந்தப் பெண்.

சில மாதங்களின் பின் தாயார் என் தமக்கையின் வீட்டுக்குச் சென்று ஒரு வாரம் தங்க விரும்பினார். பெரிய குப்பியைப் பயணத்திற் கொண்டு செல்வானேன், வேண்டிய அளவைச் சிறிய கண்ணாடிப் போத்தலொன்றில் வார்த்துக் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. பழைய போத்தலொன்றைத் தேடியெடுத்து, கொதிநீரில் நன்றாகக் கழுவி, வெயிலில் உலர்த்தியும் வைத்தேன். மருந்தை ஊற்றுமுன் அதே தாதியிடம் கேட்கவேண்டும் என்று தாயார் பிடிவாதமாக நின்றார். கேட்டோம். “ஒருபோதும் செய்யாதேயுங்கோ” என்று மறுமொழி கிடைத்தது. “கொதிநீரில் கழுவிய போத்தல்தானே?” என்றேன். “கழுவினது கிருமிக்கு ஐயா. போத்தலுக்கும் மருந்துக்கும் இடையில் வேறு கணக்கும் இருக்கின்றது,” என்றார் அவர்.

அந்த “வேறு கணக்கு” யாது? ஐம்பது வயதைத் தாண்டிய அதிபர் ஒருவருக்கு அது தெரியவில்லை. என் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியரிடம் மாணவனாக அமர்ந்து கேட்டறிந்தவற்றையும், பின்னர் யானே வாசித்தறிந்தவற்றையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளுகின்றேன்.

மருந்துகளை இரு பெரும் வகையாகப் பிரிக்கலாம். தலைவலிக்கு நாம் உட்கொள்ளும் அசுப்பிரின் போன்றவை ஒரு வகை. அவற்றின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை, உறுதியானவை. மற்றையவை உயிர்ப்பொருளிலிருந்து பெறப்படுவன, அல்லது உயிருள்ள கலங்களைக் கொண்டு ஆக்கப்படுவன. இன்சுலின், குருதியின் செங்குழியங்களைப் பெருக்கும் எரித்ரோபொயட்டின் என்னும் ஓமோன், புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் இக்காலத்தில் வழங்கப்படும் பிறபொருளெதிரி மருந்துகள், தடுப்பூசிகள் பல ஆகியன இவ்வகையைச் சார்ந்தவை. இவற்றுட் பெரும்பாலானவை புரதங்கள். அசுப்பிரின் மூலக்கூறின் திணிவை 180 என்று கொண்டால், இன்சுலினின் திணிவு ஏறத்தாழ 5,800 ஆகும். பிறபொருளெதிரியின் திணிவு ஏறத்தாழ 1,50,000 ஆகும்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிகளைப் போலக் கோக்கப்பட்ட சங்கிலி. இன்சுலினில் 51 மணிகள் உள்ளன. அவற்றின் ஒழுங்கைக் கண்டறிந்தமைக்காகவே ஆங்கில அறிஞர் பிரெடரிக் சாங்கர் 1958 இல் நோபெல் பரிசு பெற்றார். இச்சங்கிலி நேராக நிற்பதில்லை. தனக்குரிய ஒரு வடிவில் மடிந்து சுருண்டிருக்கும். அம்மடிப்பிலேதான் மருந்தின் ஆற்றல் தங்கியிருக்கின்றது. பூட்டுக்கு ஏற்ற சாவி வளைந்துவிட்டால், இரும்பு அதே இரும்பாயினும் கதவு திறவாது. அதுபோலப் புரதத்தின் மடிப்புக் குலைந்தால், பொருள் அதே பொருளாயினும் மருந்து மருந்தாகாது.

புரதத்தின் சில பகுதிகள் நீரை விரும்புவன. வேறு சில எண்ணெயைப் போல நீரை வெறுப்பன. மடிந்த நிலையில், நீரை வெறுக்கும் பகுதிகளுட் பல உட்புறத்தே ஒதுங்கியிருக்கும். ஆனால் கண்ணாடி, இறப்பர், பிளாத்திக்கு, உருக்கு ஆகிய யாதாயினும் ஒரு பரப்பைப் புரதம் தொட்டவுடன் நிலைமை மாறக்கூடும். சில மூலக்கூறுகள் அப்பரப்பிற் போய் ஒட்டிக்கொள்ளும். இதனைப் புறத்துறிஞ்சல் என்பர். ஒட்டிய சில மூலக்கூறுகள் தம் மடிப்பை அவிழ்த்து, உள்ளே மறைத்திருந்த பகுதிகளை வெளிக்காட்டும். அவ்வாறு அவிழ்ந்தவை ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு திரளாகும். அத்திரள்கள் கண்ணுக்குத் தெரியாத் துகள்களாகவோ, சிலவேளை கண்ணுக்குத் தெரியும் மங்கலாகவோ மருந்தில் மிதக்கும்.

காற்றும் இவ்வகையில் ஒரு பரப்பே என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். குப்பியைக் குலுக்கும்போது எத்தனையோ காற்றுக் குமிழிகள் தோன்றுகின்றன. ஒவ்வொரு குமிழியின் புறமும் புரதம் போய் ஒட்டுவதற்கான புதிய இடமாகும். குலுக்குந்தோறும் பழைய இடம் கலைந்து புதிய இடம் பிறக்கின்றது. இன்சுலினை இடைவிடாது ஆட்டிக்கொண்டேயிருந்தால் அது நுண்ணிய நார்களாகத் திரளும் என்பது அறிஞர் நன்கறிந்த செய்தி. உடலிற் பொருத்தும் இன்சுலின் பம்பிகளை முதலில் ஆக்க முனைந்தவர்கள், அவற்றின் குழாய்கள் இந்நார்களால் அடைபடுவதைக் கண்டு பெரிதும் இடர்ப்பட்டனர். என் தாயாரின் முதற் கேள்விக்கு விடை இதுவே. உருட்டினால் மருந்து கலக்கும், குலுக்கினால் கலங்கும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். போத்தலின் சுவர் எவ்வளவு மருந்தைத்தான் எடுத்துக்கொள்ளும்? இதனை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். ஒரு பரப்பின்மேல் ஒற்றைப் படையாகப் படியும் புரதத்தின் அளவு, சதுர மீற்றர் ஒன்றுக்கு ஒன்று முதல் சில மில்லிகிராம் வரை எனப் பொதுவாகக் கொள்வர். இரண்டு மில்லிகிராம் என்றே வைத்துக்கொள்வோம். வைத்தியசாலையில் நாளத்தினூடாக மருந்தேற்றும் குழாயொன்று இரண்டு மீற்றர் நீளமும் மூன்று மில்லிமீற்றர் உள்விட்டமும் உடையதாயின், அதன் உட்பரப்பு ஏறத்தாழ 190 சதுர சென்ரிமீற்றர் ஆகும். அப்பரப்பிற் படியக்கூடிய இன்சுலின் 0.038 மில்லிகிராம். இது மிக அற்பமெனத் தோன்றும். ஆனால் இன்சுலினின் ஓர் அலகு என்பதே ஏறத்தாழ 0.035 மில்லிகிராம்தான். ஆகவே அக்குழாய் தன் பங்காக ஓர் அலகை எடுத்துக்கொள்ளக்கூடும்.

மணிக்கு ஐந்து அலகு பெறும் வளர்ந்த நோயாளிக்கு ஓர் அலகின் இழப்புப் பெரிதன்று. ஆனால் குறைமாதத்திற் பிறந்து ஒரு கிலோகிராம் நிறையே உள்ள குழந்தையை எண்ணிப் பாருங்கள். அக்குழந்தைக்கு மணிக்கு 0.05 அலகு ஏற்றுவதாயின், ஓர் அலகு என்பது இருபது மணி நேரத்து மருந்து. குழாயின் சுவர் தன் பசியை ஆற்றிக்கொள்ளும் வரையில் குழந்தைக்குச் சேரவேண்டிய பங்கு முழுதாகச் சேராது. வைத்தியர் எழுதியது சரி, தாதி ஏற்றியது சரி. ஆயினும் குருதியிற் சருக்கரை குறையவில்லை. வைத்தியர் மருந்தைக் கூட்டுவார். அதன்பின் சுவர் நிறைந்து மருந்து முழு அளவில் இறங்கத் தொடங்கும். சருக்கரை மிகத் தாழ்ந்துவிடும் ஆபத்து உண்டாகும். இக்காரணம் பற்றியே, நோயாளியுடன் குழாயை இணைக்குமுன் இன்சுலின் கரைசலிற் சிறிதளவை, பெரியவர்க்காயின் 20 மில்லிலீற்றர் வரையில், குழாயினூடே ஓடவிட்டு வெளியேற்றும் வழக்கம் பல வைத்தியசாலைகளில் ஏற்பட்டுள்ளது. முதலிற் குழாய்க்கு ஊட்டிவிட்டுப் பின்னர் குழந்தைக்கு ஊட்டுகின்றனர்.

இவ்வொட்டுதலை அறிஞர் எவ்வாறு கண்டுகொண்டனர்? 1950 ஆம் ஆண்டையடுத்து, கதிர்த்தொழிற்பாடுள்ள அயடீனை இன்சுலினோடு இணைத்து அதன் போக்கை அளக்கும் முறை தோன்றியது. அம்முறையைக் கையாண்டோர், கரைசலை ஊற்றி வெறுமையாக்கிய கண்ணாடிக் கலனையும் அளந்தபோது, கலன் வெறுமையாக இருக்கவில்லை. சுவரிலே கதிர் காணப்பட்டது. அதாவது, இன்சுலின் அங்கே தங்கியிருந்தது. இதனைத் தடுக்க ஓர் எளிய உபாயம் கைக்கொள்ளப்பட்டது. குருதியிலுள்ள அல்புமின் என்னும் புரதத்தைக் கரைசலிற் சேர்த்தனர். பேருந்திலே இருக்கைகள் யாவும் நிறைந்துவிட்டால் பின்னர் ஏறுவோர் நின்றே செல்லவேண்டும் அல்லவா? அவ்வாறே அல்புமின் முந்திச் சென்று சுவரின் இடங்களைப் பிடித்துக்கொள்ள, அரிய மருந்து கரைசலிலேயே நிற்கும். பின்னாளில் பொலிசோபேற்று எனப்படும், சவர்க்காரத்தின் தன்மை சிறிது வாய்ந்த பொருள்களும் இப்பணிக்கு அமர்த்தப்பட்டன.

இதுவரை கலன் எடுத்துக்கொள்வதைப் பேசினோம். கலன் கொடுப்பதும் உண்டு. சாதாரண கண்ணாடி நீரிலே சிறிது சிறிதாகத் தன் காரப்பொருளைக் கசியவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செருமனி நாட்டு யேனா நகரில் ஒட்டோ சொட் என்பவர் போரன் சேர்ந்த கண்ணாடியை உருவாக்கியதன் பின்னரே, மருந்துக்கு ஏற்ற உறுதியான கண்ணாடி கிடைத்தது. அதுவும் முற்றாகக் குற்றமற்றதன்று. சில கரைசல்கள் நெடுநாள் தங்கினால், கண்ணாடியின் உட்புறம் மெல்லிய ஏடுகளாக உரிந்து மருந்தில் மிதக்கும். 2010 இல் ஐக்கிய அமெரிக்காவில் எரித்ரோபொயட்டின் குப்பிகளின் சில தொகுதிகள் இக்காரணத்தால் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

குப்பியின் வாயை அடைக்கும் இறப்பரும் இத்தகையதே. நம் நாட்டுத் தோட்டங்களில் வடியும் பால் போன்ற இயற்கை இறப்பர், நெடுங்காலம் மருந்துக் குப்பிகளுக்கு அடைப்பானாக உதவியது. இறப்பரைப் பதப்படுத்தக் கந்தகமும் வேறு பல இரசாயனப் பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. இவற்றின் எச்சங்கள் மருந்திற் கலத்தல் கூடும். அன்றியும், இயற்கை இறப்பரின் புரதம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். ஆதலின் இந்நாளில் குறைந்த கசிவுடைய செயற்கை இறப்பர் வகைகளே பெரிதும் பயன்படுகின்றன. ஊசிக்குழலின் உள்ளே தண்டு வழுக்கிச் செல்லும் பொருட்டுத் தடவப்படும் சிலிக்கோன் எண்ணெயும் நுண்துளிகளாக மருந்தில் இறங்கும். 1980 ஆம் ஆண்டுகளில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசிக்குழல்களின் சிலிக்கோன் எண்ணெயால் இன்சுலின் மங்கலாகின்றது என வைத்தியர்கள் எழுதியுள்ளனர்.

இவை யாவும் நுட்பமான சங்கதிகள். நோயாளிக்கு இதனால் என்ன நேர்ந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். நேர்ந்த ஒன்றைச் சொல்லுகின்றேன்.

சிறுநீரகம் பழுதடைந்தவர்களின் உடல் எரித்ரோபொயட்டினைப் போதிய அளவில் ஆக்குவதில்லை. அதனாற் குருதிச்சோகை உண்டாகும். 1980 ஆம் ஆண்டுகளின் இறுதியிலே இந்த ஓமோனைச் செயற்கையாக ஆக்கி ஊசிமூலம் வழங்கத் தொடங்கியபோது, அடிக்கடி குருதி ஏற்றிக்கொண்டு வாழ்ந்த பலருக்கு அது மறுவாழ்வு போலாயிற்று. ஐரோப்பாவில் வழங்கிய எப்பிரெக்ஸ் என்னும் இத்தகைய மருந்தில், புரதத்தைக் காக்க மனித அல்புமின் சேர்க்கப்பட்டிருந்தது. அக்காலத்தே மாடுகளின் மூளை நோயோடு தொடர்புடைய ஒரு கொடிய நோய் மனிதரிடமும் தோன்றவே, மனிதக் குருதியிலிருந்து பெற்ற பொருளை மருந்தில் இடுவது தகாது என்று அதிகாரிகள் அஞ்சினர். அவ்வச்சம் நியாயமானது. 1998 இல் அல்புமின் நீக்கப்பட்டு, அதன் இடத்தில் பொலிசோபேற்று 80 சேர்க்கப்பட்டது.

மருந்து அதே மருந்து. அளவும் அதே அளவு. ஆயினும் அதன்பின் சில நோயாளரிடத்தே விபரீதம் ஒன்று தலைகாட்டியது. அவர்களுடைய உடல் அம்மருந்தைப் பகையெனக் கருதிப் பிறபொருளெதிரிகளை ஆக்கத் தொடங்கியது. அவை ஊசியில் வந்த ஓமோனை மட்டுமன்றி, உடலிலே இயற்கையாக ஊறிய சிறிதளவு ஓமோனையும் அழித்தன. என்பு மச்சை செங்குழியங்களை ஆக்குவதையே நிறுத்திவிட்டது. உதவ வந்த மருந்தாலேயே, உடலில் எஞ்சியிருந்த ஆற்றலும் பறிபோயிற்று. அவர்கள் மீண்டும் குருதி ஏற்றிக்கொண்டே வாழவேண்டியவராயினர். 2002 இல் பிரான்சு நாட்டு வைத்தியர்கள் இத்தகைய பதின்மூன்று நோயாளரைப் பற்றி வெளியிட்ட அறிக்கை உலகின் கவனத்தை ஈர்த்தது.

காரணம் யாது? அறிஞர் பல வழிகளில் ஆராய்ந்தனர். புதிதாகச் சேர்த்த பொலிசோபேற்று, ஊசிக்குழலின் இறப்பர் அடைப்பானிலிருந்து சில பொருள்களைக் கரைத்து எடுத்திருக்கலாம் என்றனர் ஒரு சாரார். சிலிக்கோன் எண்ணெய், குளிர் கெட்டுப்போன சேமிப்பு, புரதத் திரள்கள் எனப் பிறர் வேறு காரணங்களைக் கூறினர். தோலின் கீழ் ஊசி ஏற்றுவதைச் சிறுநீரக நோயாளர் மட்டில் நிறுத்தினர். அடைப்பானின் மேல் புளோரின் சேர்ந்த காப்புப் படலம் பூசினர். குளிர்ச் சேமிப்பைக் கண்டிப்பாக்கினர். புதிய நோயாளரின் தொகை மிக வேகமாகக் குறைந்தது. பரிகாரங்கள் பல ஒரே காலத்திற் செய்யப்பட்டமையால், இதுவே காரணம் என்று ஒன்றை மட்டும் சுட்டி முடிவு கட்டுதல் இயலாதாயிற்று. அறிஞரிடையே கருத்து வேற்றுமை இன்றும் உண்டு.

இதே ஓமோனின் வேறொரு தயாரிப்பைப் பரிசோதித்தபோதும் இரு நோயாளரிடம் பிறபொருளெதிரி தோன்றியது. கண்ணாடி ஊசிக்குழலின் முனையிலே ஊசி பொருத்தும் துளையை, சூடேற்றிய தங்குதன் கம்பியினால் அமைப்பது வழக்கம். அவ்வுலோகத்தின் எச்சம் புரதத்தைத் திரளச் செய்தது என்று 2012 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. துளையிட்ட கம்பியின் சுவடு, மருந்தை நோயாளியின் உடலுக்குப் பகையாக்கியது என்பது எவ்வளவு வியப்பு! எவ்வளவு எச்சரிக்கை!

நேயர்களே, இத்தகைய அநுபவங்களின் பயனாக, உயிரியல் மருந்தொன்று கலனோடும் கருவியோடும் எவ்வாறு பழகுகின்றது என்பதைச் சோதிப்பது இன்று தனித்துறையாகவே வளர்ந்துள்ளது. அச்சோதனைகள் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகின்றேன்.

முதலாவது, இழப்பைக் காணும் சோதனை. அளவறிந்த மருந்தைக் கலனில் இட்டு, குறித்த நேரங்களில் எடுத்து, எஞ்சிய அளவை அளப்பர். ஏற்றும் குழாய், வடி, ஊசி ஆகிய யாவற்றினூடும் மருந்தைச் செலுத்தி, மறுமுனையில் வெளிவருவதையும் அளப்பர். மருந்து எவ்வளவு ஐதாக உள்ளதோ அவ்வளவுக்கு இச்சோதனை முக்கியமாகும். செறிந்த மருந்தில் சுவர் எடுக்கும் பங்கு தெரியாது; ஐதான மருந்தில் அதுவே பெரும் பங்காகிவிடும்.

இரண்டாவது, கலன் கொடுப்பதைக் காணும் சோதனை. கண்ணாடியை மணல் போல நொறுக்கி, நீரிலிட்டு, அழுத்தக் கலத்தில் 121 பாகை வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்து, கசிந்த காரத்தை அளப்பர். இறப்பரையும் பிளாத்திக்கையும் பலவகைக் கரைப்பான்களில் இட்டுச் சூடேற்றி, அவற்றிலிருந்து எவை எவை வெளிவரக்கூடும் எனப் பட்டியலிடுவர். பின்னர், உண்மை மருந்தை அக்கலனில் நெடுநாள் வைத்து, பட்டியலில் உள்ளவற்றுள் எவை உண்மையில் வந்தன எனத் தேடுவர். வரக்கூடியவை வேறு, வந்தவை வேறு. இரண்டையும் அறிதல் வேண்டும்.

மூன்றாவது, காலச் சோதனை. மருந்துக் குப்பிகளை நிமிர்த்தி மட்டும் வைத்தால், மருந்து இறப்பர் அடைப்பானைத் தொடாமலே காலம் கழிந்துவிடும். ஆதலின் சிலவற்றைத் தலைகீழாகவோ கிடையாகவோ வைத்தும் சோதிக்க வேண்டுமென, நாடுகளின் மருந்து விதிகளை ஒத்திசைக்கும் சர்வதேச அமைப்பு 1995 இல் வகுத்த நெறி கூறுகின்றது. குப்பி வழியிலே சாயக்கூடும் என்பதை முன்னரே எண்ணிப் பார்த்தவர்களின் நெறி அது.

நான்காவது, துகட் சோதனை. மருந்தை ஆட்டியும், விழுத்தியும், உறையவைத்து உருக்கியும் பார்ப்பர். கறுப்புப் பின்னணியிலும் வெள்ளைப் பின்னணியிலும் குப்பியைப் பிடித்துக் கண்ணால் நோக்குவர். கண்ணுக்கு எட்டாத துகள்களை ஒளிக்கதிரின் துணையால் எண்ணுவர். நூறு மில்லிலீற்றர் வரையான கலனொன்றில், மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கும் அதற்கு மேலும் பருமனுடைய துகள்கள் 6,000 இற்கு மேற்படலாகாது. அதனினும் இரண்டரை மடங்கும் அதற்கு மேலும் பருமனுடையவை 600 இற்கு மேற்படலாகாது என்று அமெரிக்க மருந்துத் தரநூல் எல்லை விதித்துள்ளது.

இச்சோதனைகள் குப்பியோடு முடிவதில்லை. தொழிற்சாலையிலே மருந்து, உருக்குத் தொட்டி, வடி, பம்பி, பிளாத்திக்குப் பை எனப் பலவற்றைத் தொட்டே குப்பிக்கு வந்து சேர்கின்றது. குப்பிகளை நிரப்பும் பம்பியொன்றின் உருக்கிலிருந்து தேய்ந்த நுண்துகள்களின்மேல் பிறபொருளெதிரி மருந்து திரண்டதை 2009 இல் வெளியான ஆய்வொன்று விளக்கியது. கலங்களை வளர்க்கும் பிளாத்திக்குப் பைகளில், பிளாத்திக்கைக் காக்கவென்று சேர்த்த பொருளே சிதைந்து கலங்களின் வளர்ச்சியைத் தடுத்தது என்று 2013 இல் மற்றோர் ஆய்வு காட்டியது. காக்கவந்த பொருளையும் சோதியாமல் நம்பலாகாது என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம்.

வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு பொது உண்மை தோன்றுகின்றது. 1998 இல் அல்புமினை நீக்கியவர்கள் தீயோர் அல்லர். ஓர் ஆபத்தைத் தவிர்க்கவே முயன்றனர். ஆனால் மருந்தில் ஒரு பொருள் இருக்குமிடத்தில், அது மருந்தோடு மட்டுமன்றிக் கலனோடும் உறவு கொண்டிருந்தது. அவ்வுறவை முழுதும் அறியாமல் ஒன்றை மாற்றும்போது, வேறொன்றும் மாறுதல் கூடும். “சிறிய மாற்றந்தானே” என்று சொல்லும் இடத்திலேதான் பெரிய சோதனை வேண்டும்.

நேயர்கள் வீட்டிற் கைக்கொள்ளத்தக்க சிலவற்றைக் கூறி முடிக்கின்றேன். ஊசிமருந்தை அதன் சொந்தக் கலனிலிருந்து வேறு கலனுக்கு மாற்றாதீர்கள். இன்சுலினைக் குலுக்காதீர்கள், உறையவிடாதீர்கள். குளிர்சாதனப் பெட்டியிலே பனிக்கட்டி அறைக்கு அண்மையில் வைப்பதும் தவறு. உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்கு நன்றாக இருப்பினும், அதனை நம்பிப் பயன்படுத்தலாகாது. தெளிவாக இருக்கவேண்டிய மருந்தில் மங்கலோ, நூலோ, துகளோ காணப்பட்டால் அதனை ஒதுக்கிவைத்து, மருந்தாளரிடமோ வைத்தியரிடமோ காட்டுங்கள். அதேவேளை, கலனுக்கு அஞ்சி மருந்தையே நிறுத்திவிடாதீர்கள். இத்துணைச் சோதனைகளும் நீங்கள் அஞ்சாமல் அம்மருந்தை ஏற்கவேண்டும் என்பதற்காகவே செய்யப்படுகின்றன.

என் தாயார் அன்று தம் பெரிய குப்பியோடுதான் தமக்கை வீட்டுக்குச் சென்றார். நான் கழுவி உலர்த்திய சிறிய போத்தல் நெடுங்காலம் எங்கள் அலுமாரியில் வெறுமையாகக் கிடந்தது. இப்போது அதில் என் மனைவியார் கிராம்பு வைத்திருக்கின்றார். ஊற்றுமுன் கேட்கவேண்டும் என்று நின்ற தாயாரையும், கேட்டபோது சலியாமல் விடை சொன்ன அந்தத் தாதியையும், அப்போத்தலைக் காணுந்தோறும் நன்றியுடன் நினைக்கின்றேன்.